இளஞ்சிவப்புத் துகள் காளான்கள்: உணவும் நஞ்சும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குள் நம் நாட்டின் காடு சார்ந்த மாவட்டங்களில் ஒரு புதிய சரக்கு சந்தைக்கு வந்து சேர்கிறது. கோவாவில் அதற்கு ஓல்மி என்று பெயர். ஜார்க்கண்டில் குக்டி என்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அது புற்றுக்காளான். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. கறையான் புற்றின்மீதும் அதைச் சுற்றியுள்ள நிலத்திலும் முளைக்கும் காட்டுக்காளான் வகை அது. இதற்கு விதைப்பு இல்லை, உரம் இல்லை, கடன் வாங்க வேண்டிய முதலீடும் இல்லை. விடியுமுன் சென்று பறித்து வருவோரின் உழைப்பும், எந்த மழைக்குப் பின் எந்த மேட்டில் முளைக்கும் என்ற அறிவும்தான் மூலதனம். வயலில் பயிர் இன்னும் பச்சையாக நிற்க, வீட்டுக் குதிரில் தானியம் குறைந்துவிடும் அந்த மாதங்களில், நிலமற்ற குடும்பங்களுக்கு இது கறியாகவும் கைக்காசாகவும் அமைகிறது.

இதே நிலங்களிலிருந்து மருத்துவமனைக்கும் சிலர் வந்து சேர்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் மேகாலயாவின் மேற்கு ஜைந்தியா மலை மாவட்டத்தில் காட்டுக்காளான் உண்ட ஆறு பேர் இறந்தனர். 2022 ஏப்ரலில் மேல் அசாம் மாவட்டங்களில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். இத்தகைய நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் பின்னர் ‘காட்டுக்காளான்களை உண்ணாதீர்’ என்ற அறிவிப்பு வெளியிடப்படுவது வழக்கம். அறிவிப்பு வெளியிடுவது எளிது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உண்டும் விற்றும் வரும் ஒரு பொருளை முற்றிலும் கைவிடுமாறு கூறும் அறிவிப்பு எத்தனை வீடுகளில் ஏற்கப்படும் என்பது ஐயத்திற்குரியது. எது உணவு, எது நஞ்சு என்று பிரித்தறிய உதவுவதே அரசு நிர்வாகத்தின் கடமையாக இருக்க முடியும். அந்தப் பணி எவ்வளவு கடினமானது என்பதை விளக்க, இளஞ்சிவப்பு நிறத் துகள்களைக் கொண்ட காளான்கள் மிகப் பொருத்தமான சான்றாகும்.

துகளின் நிறம்

காளான் என்று நாம் பறிப்பது ஒரு பூஞ்சையின் கனியுறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மண்ணுக்குள்ளோ மட்கிய மரத்திலோ நூலிழைகளாகப் பரவியிருக்கிறது. ஈரமும் வெப்பமும் ஒத்துவரும்போது அது குடையை வெளியே அனுப்புகிறது. குடையின் அடிப்புறத்தில் மெல்லிய தகடுகள் போன்ற செவுள்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இச்செவுள்களின் மேற்பரப்பில் ஸ்போர்கள் எனப்படும் நுண்துகள்கள் கோடிக்கணக்கில் தோன்றி உதிர்கின்றன. தனியொரு ஸ்போரைக் கண்ணால் காண இயலாது. குவியலாகக் காணும்போது அதற்கு ஒரு நிறம் இருப்பது தெரியவரும். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, ஊதா கலந்த பழுப்பு, கறுப்பு என்று இந்நிறங்கள் அமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளான்களை வகைப்படுத்திய ஐரோப்பிய அறிஞர்கள் இந்நிறத்தையே முதற்படியாகக் கொண்டனர்.

துகளின் நிறத்தை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நன்கு விரிந்த குடையைக் காம்பிலிருந்து வெட்டியெடுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மீது செவுள்கள் கீழ்நோக்கியிருக்குமாறு வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டுவைத்தால் போதும். மறுநாள் காலை செவுள்களின் வடிவம் தாளில் பதிந்திருக்கும். பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய இச்சோதனைக்குத் துகள் பதிவு என்று பெயரிடலாம்.

இப்பதிவு இளஞ்சிவப்பாக அமையும் காளான்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. வைக்கோற்போரில் முளைக்கும் வைக்கோல் காளானின் துகள் இளஞ்சிவப்பு. புற்றுக்காளானின் துகளும் வெளிறிய இளஞ்சிவப்பே. இவ்விரண்டும் நல்ல உணவு. இதே நிறத் துகளைக் கொண்ட மூன்றாவது கூட்டமே என்டோலோமா என்னும் பேரினம்.

என்டோலோமா

உட்புறம், விளிம்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் அமைந்தது. 1871-இல் ஜெர்மானிய அறிஞர் பால் கும்மர் இதைத் தனிப் பேரினமாக நிறுவினார். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் அடங்கும். பெரும்பாலானவை மட்கும் இலைதழைகளையும் புல்வெளி மண்ணையும் சார்ந்து வாழ்பவை. காம்பின் அடியில் கிண்ணமோ நடுவில் வளையமோ இவற்றுக்கு இல்லை. செவுள்கள் காம்போடு ஒட்டியிருக்கும்; இளமையில் வெள்ளையாகவோ மஞ்சள் கலந்த வெள்ளையாகவோ இருந்து, துகள்கள் முதிர முதிர இளஞ்சிவப்பாக மாறும். எனவே அன்று காலை முளைத்த இளங்காளானின் செவுளைப் பார்த்து எதையும் முடிவு செய்வதற்கில்லை.

இப்பேரினத்தின் உண்மையான அடையாளம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் உள்ளது. நுண்ணோக்கியில் நோக்கினால் இதன் ஸ்போர்கள் உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இல்லாமல், எப்பக்கம் திருப்பினாலும் பல கோணங்களை உடையனவாகத் தோன்றும். புற்றுக்காளானின் ஸ்போரும் வைக்கோல் காளானின் ஸ்போரும் வழவழப்பான நீள்வட்டங்கள். தாளில் ஒரே நிறமாகப் பதிந்தவை, நுண்ணோக்கியின் கீழ் முற்றிலும் வேறாகின்றன.

இந்திய என்டோலோமாக்கள்பற்றிய ஆய்வு கேரளத்தில்தான் ஆழமாக நடைபெற்றுள்ளது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும், திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணியாற்றிய அறிஞர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலிருந்து அறிவியலுக்குப் புதியவையான பல சிற்றினங்களை விவரித்துள்ளனர். பட்டியல் வளர்ந்துள்ள அளவுக்கு அவற்றின் நச்சுத் தன்மைபற்றிய சோதனை வளரவில்லை. புதிய சிற்றினத்தை விவரிப்பவர் தாவரவியலாளர். நஞ்சைச் சோதிப்பவர் வேதியியலாளர். நோயாளியைக் காண்பவர் மருத்துவர். இம்மூவரும் ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு நம் நாட்டில் அரிது.

பொருளாதார மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்றும் இப்பேரினத்தில் உண்டு. நியூசிலாந்தின் 50 டாலர் தாளில் ஒரு பறவையுடன் நீலநிறக் காளான் ஒன்று அச்சிடப்பட்டுள்ளது. அது ஒரு என்டோலோமா. நாணயத் தாளில் இடம்பெறும் அளவுக்குப் புகழ் பெற்ற அக்காளானை உணவுப் பட்டியலில் சேர்க்க எவரும் துணியவில்லை.

அறிஞர்களும் தடுமாறிய இடம்

கறையான் மேட்டிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பெரிய புற்றுக்காளானை அடையாளம் காண்பது அத்துணைக் கடினமன்று. அதன் காம்பு மண்ணுக்குள் வேர்போல நீண்டு இறங்கி, கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் சென்று முடிகிறது. காம்பை இழுத்தெடுக்காமல் தோண்டியெடுப்பவர் அந்த நீண்ட வேரைக் காண்பார். என்டோலோமாவுக்கு இது கிடையாது.

சிக்கல் சிறிய புற்றுக்காளானில்தான் எழுகிறது. இரண்டு செண்டிமீட்டர் அகலத்தைச் சுற்றியே அமையும் அதன் குடைகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் தரையெங்கும் பரவி முளைக்கின்றன. கறையான்கள் தம் பூஞ்சைத் தோட்டத்தின் பழைய துணுக்குகளை வெளியே கொண்டுவந்து நிலத்தின் மேற்பரப்பில் பரப்புகின்றன. அத்துணுக்குகளிலிருந்தே இக்காளான்கள் தோன்றுகின்றன. ஆகவே இதற்கு நீண்ட வேர் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்குப் புற்றும் தென்படாமல் போகலாம். புல்தரையில் கூட்டமாக நிற்கும் சிறிய, வெளிறிய, இளஞ்சிவப்புத் துகள் காளான் என்ற விவரிப்பு, என்டோலோமாவின் பல சிற்றினங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பறிப்போர் மட்டுமே இங்குத் தடுமாறினர் என்று எண்ணுவதற்கில்லை. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு இச்சிறு காளானை ஆங்கில அறிஞர்கள் பெர்க்லியும் புரூமும் விவரித்தது 1871-இல். அதாவது கும்மர் என்டோலோமாவைப் பேரினமாக நிறுவிய அதே ஆண்டில். 1887-இல் இத்தாலிய அறிஞர் சக்கார்டோ தம் பெருந்தொகுப்பில் இதனை என்டோலோமா மைக்ரோகார்ப்பம் என்ற பெயரில் என்டோலோமாக்களோடு சேர்த்தார். இளஞ்சிவப்புத் துகள் என்ற ஒற்றுமை அதற்கு இடம் கொடுத்தது. 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம், கறையானோடு இணைந்து வாழும் காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவி, இச்சிறு காளானை அதில் சேர்த்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழைகளின் உணவாக விளங்கும் ஒரு காளான், நூல்களில் 55 ஆண்டுகள் நஞ்சுக்குப் பெயர்போன பேரினத்தின் உறுப்பாக இருந்தது. பிற்கால மரபணு ஆய்வுகளும் இவ்விரு பேரினங்களையும் வெவ்வேறு குடும்பங்களிலேயே வைத்துள்ளன.

பெயர்ப் பட்டியலில் நேர்ந்த தவற்றினால் எவரும் நோயுற்றதில்லை. ஆயினும் இதிலிருந்து அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹெய்ம் கண்ட தீர்வு துகளின் நிறத்தில் இல்லை. காளான் எங்கிருந்து முளைக்கிறது, எந்த உயிரினத்தோடு உறவு கொண்டுள்ளது என்பதில் இருந்தது. காட்டில் பறிக்கும் மூதாட்டியும் இடத்தையும் காலத்தையும்தான் முதலில் பார்க்கிறாள். சென்ற ஆண்டு எங்கே முளைத்தது, எத்தனாவது மழைக்கு முளைத்தது, தனியாகவா கூட்டமாகவா என்று அவள் கேட்கும் கேள்விகள் அறிவியலுக்கு மாறானவை அல்ல. ஆனால் அந்த அறிவு அந்த மேட்டுக்கும் அந்தக் காட்டுக்கும் உரியது. வேறு மாவட்டத்திற்கு அதை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

வெள்ளை என்னும் அபாயம்

இளஞ்சிவப்புத் துகள் எப்போதும் எச்சரிக்கைதான் என்றும் கொள்ளக் கூடாது. மற்றொரு சூழலில் அதே நிறம் உயிர்காக்கும் அடையாளமாகிறது. உலகில் காளானால் நேரும் உயிரிழப்புகளில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணமாக இருப்பது அமானிட்டா என்னும் பேரினத்தின் சில சிற்றினங்கள். மேகாலயாவில் 2020-இல் நேர்ந்த மரணங்களுக்கும் இப்பேரினத்தின் ‘மரணத் தொப்பி’யே காரணமாகக் கூறப்பட்டது. அமானிட்டாவின் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. வைக்கோல் காளானின் அடியிலும் உண்டு. இளம் பருவத்தில் இரண்டும் முட்டை வடிவில் ஓர் உறைக்குள் மூடப்பட்டிருக்கும். ஆசிய நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்கள், தாய்நாட்டின் வைக்கோல் காளான் என்று எண்ணி அமானிட்டாவைப் பறித்து உண்ட நிகழ்ச்சிகள் பல. அமானிட்டாவின் துகள் வெள்ளை. வைக்கோல் காளானின் துகள் இளஞ்சிவப்பு. விரிந்த குடை கையில் இருந்தால் ஒரு தாளும் ஒரு கிண்ணமும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் வைக்கோல் காளான் விரும்பி உண்ணப்படுவது முட்டைப் பருவத்தில்தான். அப்பருவத்தில் செவுள்கள் விரிவதில்லை, துகள் உதிர்வதில்லை, பதிவும் எடுக்க முடிவதில்லை. சோதனை எங்கே பயன்படுமோ அங்கே உண்பவர் காத்திருப்பதில்லை என்ற முரண்பாடு இங்கும் தலைகாட்டுகிறது. வைக்கோல் காளான் மட்கும் வைக்கோலில் முளைப்பது. அமானிட்டா மரங்களின் வேரோடு உறவு கொண்டு மரத்தடி மண்ணில் முளைப்பது. மீண்டும் இடமே முதற்சான்றாகிறது.

நாட்டில் வழங்கிவரும் எளிய சோதனைகளைப் பொறுத்தவரை, அவற்றை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். வெள்ளி நாணயம் கறுத்தால் நஞ்சு, பூண்டோ அரிசியோ நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது, கொதிக்க வைத்தால் நஞ்சு நீங்கும் என்பன அனைத்தும் பொய். அமானிட்டாவின் நஞ்சு சமையல் வெப்பத்தில் அழிவதில்லை.

ஜப்பானின் அனுபவம்

என்டோலோமாவால் நேரும் தீங்கை ஒழுங்காகப் பதிவு செய்துவரும் நாடு ஜப்பான். அங்குக் காளான் நச்சு நிகழ்ச்சிகளுக்கு முதன்மைக் காரணமான மூன்று காளான்களுள் ஒன்று என்டோலோமா ரோடோபோலியம் என்று அழைக்கப்பட்டுவந்த காளானாகும். அதன் ஜப்பானியப் பெயரிலேயே ‘அடிப்புறம் சிவந்தது’ என்ற பொருள் அடங்கியுள்ளது. வியப்பு என்னவெனில், அந்நாட்டு மக்கள் விரும்பி உண்ணும் காளான் ஒன்றும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பெயரிலும் அதே ‘சிவந்த அடிப்புறம்’ இடம்பெறுகிறது. இரண்டும் இலையுதிர் காலத்தில் ஒரே வகைக் காடுகளில் முளைக்கின்றன. நல்லதன் காம்பு உள்ளே கெட்டியாகவும், தீயதன் காம்பு பெரும்பாலும் துளையுடையதாகவும் இருக்கும். நல்லதன் குடையில் விரலால் அழுத்தியது போன்ற தடங்கள் காணப்படும். இவை அனைத்தும் அச்சிட்டு வழங்கப்பட்டும், அனுபவம் மிக்கவர்கள் உட்பட ஆண்டுதோறும் சிலர் நோயுறுகின்றனர். 2017-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ரோடோபோலியம் என்று ஜப்பானில் அழைக்கப்பட்டது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் என்று காட்டியது. சமைத்த மீதியிலிருந்தும் காளானை அடையாளம் காண உதவும் முறைகள் அங்கு உருவாக்கப்பட்டுள்ளன.

ஐரோப்பாவில் இப்பேரினத்தின் சைனுவாட்டம் என்ற பெரிய, வெளிறிய காளான் நெடுங்காலமாக அஞ்சப்படுகிறது. அங்கு நேரும் காளான் நச்சு நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இதனால் விளைவதாகக் கணக்கிடப்பட்டதுண்டு.

மருத்துவமனை வாயிலில்

என்டோலோமா உண்டவருக்கு அரை மணி முதல் இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் குமட்டல், கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியன தோன்றும். பொதுவாக இரண்டு நாள்களில் தணிந்துவிடும். உயிரிழப்பு அரிது. உடல்நீர் இழப்பைச் சரிசெய்வதே முதன்மையான சிகிச்சை. சில சிற்றினங்களில் மஸ்கரின் என்ற நஞ்சும் காணப்பட்டுள்ளது. அளவு மீறிய வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, நாடித் துடிப்புத் தளர்ச்சி ஆகியவை மஸ்கரினைச் சுட்டும். அதற்கு அட்ரோப்பின் மாற்று மருந்தாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும், ஏற்கெனவே ஊட்டமின்றி இருப்பவர்களுக்கும் வாந்தியும் பேதியும் மட்டுமே உயிருக்கு ஆபத்தாக முடியலாம் என்பதை மறக்கக் கூடாது.

அமானிட்டாவின் போக்கு இதற்கு நேர்மாறானது. உண்டபின் ஆறு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை, சில வேளைகளில் அதற்கும் மேலாக, ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அவை தணிந்து நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும். உடனிருப்போர் வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புவது இந்த இடைவேளையில்தான். அடுத்த ஓரிரு நாள்களில் கல்லீரல் செயலிழக்கிறது.

எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி, ‘என்ன காளான்?’ என்பதைவிட, ‘எத்தனை மணிக்கு உண்டீர்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது?’ என்பதாகும். ஆறு மணி நேரத்திற்குப் பின் தொடங்கியிருந்தால், நோயாளி எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், கல்லீரல் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்பப்பட வேண்டும். விரைவில் தொடங்கியிருந்தால் கவலை ஓரளவு குறையும், முற்றிலும் நீங்காது. பறிப்போரின் கூடையில் பெரும்பாலும் பல வகைக் காளான்கள் கலந்தே இருக்கும். விரைவில் நோய் தரும் என்டோலோமாவும் தாமதமாகக் கொல்லும் அமானிட்டாவும் ஒரே சட்டியில் வெந்திருந்தால், முன்னது பின்னதை மறைத்துவிடும்.

சமைத்த மீதியையும், குப்பையில் எறிந்த காம்புகளையும், இயன்றால் அதே இடத்தில் முளைத்துள்ள வேறு காளானையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவற்றைத் தாளில் சுற்றி வைப்பது நல்லது. பாலிதீன் பையில் வைத்தால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 1995 முதல் இயங்கிவரும் தேசிய நச்சுத் தகவல் மையம் மருத்துவர்களுக்கு இரவு பகலாக ஆலோசனை வழங்குகிறது. தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும். காளானின் பெயரை மட்டும் அருகிலுள்ள ஒருவர்தான் சொல்ல வேண்டும். என்டோலோமாவால் வருந்தியவர் இரண்டாம் நாள் வீடு திரும்பிவிடுவதால், உயிரிழப்பு நேர்ந்தால் மட்டுமே செய்தியாகும் நம் நாட்டில் அவரது நோய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத தீங்குக்குத் திட்டம் தீட்டப்படுவதும் இல்லை.

வளர்ப்புக் காளான் மாற்றாகுமா?

காட்டுக்காளானுக்கு மாற்றாக வளர்ப்புக் காளானைப் பரப்பலாம் என்பது வேளாண் துறையினர் வழக்கமாகக் கூறும் யோசனை. அதில் நியாயம் உண்டு. வைக்கோல் காளான் வளர்ப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1940-களிலேயே கோயம்புத்தூரில் அதன் வளர்ப்பு முறை ஆராயப்பட்டு வெளியிடப்பட்டது. 1983-இல் இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் தேசியக் காளான் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2008-இல் அது இயக்குநரகமாக உயர்த்தப்பட்டது. வைக்கோல் காளான் உற்பத்தியில் ஒடிசா முன்னணியில் உள்ளது. அங்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல இதனை மேற்கொண்டுள்ளன.

இதன் பொருளாதாரம் எளியது. ஊறவைத்த நெல் வைக்கோலை அடுக்கி, இடையிடையே காளான் வித்தை இட்டு, பாலிதீன் தாளால் மூடினால், 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்களில் அறுவடை தொடங்கும். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ வரை காளான் கிடைக்கும். குளிர்ப் பிரதேசங்களுக்குரிய மொட்டுக்காளானுக்குத் தேவைப்படும் குளிரூட்டும் செலவு இதற்கு இல்லை. குறை ஒன்று உண்டு. அது பெரிய குறை. பறித்த ஒரு நாளுக்குள் இது விற்றாக வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் பயனில்லை. குளிரில் இது குழைந்து நீர்விட்டுவிடும். ஆகவே சந்தை அருகில் உள்ள ஊருக்கே இது ஏற்றது.

சந்தையிலிருந்து தொலைவிலுள்ள காட்டோர ஊர்களின் நிலை வேறு. அங்கு வைக்கோலே அரிது; கிடைப்பது மாட்டுக்குத் தீவனம். மேலும் புற்றுக்காளானின் சுவைக்கும் விலைக்கும் வளர்ப்புக் காளான் ஈடாவதில்லை. புற்றுக்காளானையோ கறையானின் துணையின்றி வணிக அளவில் வளர்க்கும் முறை நடைமுறைக்கு வரவில்லை. வளர்ப்புக் காளான் துணை வருவாயாகுமே அன்றி, காட்டுக்காளானைப் பறிப்பதை நிறுத்தும் கருவியாக அதைக் கருதுவது தவறான கணக்கு.

நிர்வாகம் செய்யக்கூடியவை

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள்தோறும் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் தயாரிக்கப்பட்டுள்ளன. நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உள்ளன. உண்ணப்படும் காளான்களின் உள்ளூர்ப் பெயர், முளைக்கும் இடம், மாதம், அதனோடு குழப்பத்தக்க தீய காளான் ஆகிய விவரங்களை இடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏடு வேறில்லை. பொதுவான வண்ணப்படத் துண்டறிக்கையைத் தலைநகரில் அச்சிட்டு எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்புவதால் பயனில்லை. அது தீங்கும் செய்யலாம். படத்தில் உள்ளது வேறு, காட்டில் உள்ளது வேறு.

சட்டத்தின் மொழியிலும் ஒரு விந்தை உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனமகசூல் என்பதற்குத் தாவர மூலமான பொருள்கள் என்று இலக்கணம் வகுத்தது. அறிவியலின்படி காளான் தாவரம் அன்று. பூஞ்சைகள் தனியொரு உலகம். பறிப்பவரின் உரிமையை இந்த நுணுக்கத்தைக் காட்டி எவரும் மறுக்காமல் இருப்பது நல்லதே.

1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள் வளர்ந்து, நாட்டில் 700-க்கும் மேற்பட்டு இயங்குகின்றன. கோணத் துகளையும் வழவழப்பான துகளையும் பிரித்தறிவதற்கு நல்ல நுண்ணோக்கி ஒன்றும், ஒரு வாரப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரும் போதும். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையும் இதில் கைகொடுக்கலாம். மழைக்காலத்தில் வாரச் சந்தைக்கு வரும் கூடைகளிலிருந்து மாதிரி எடுத்து, விற்பவரின் முன்னிலையிலேயே பார்த்துச் சொல்லும் ஏற்பாடு பெருஞ்செலவு பிடிக்காது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். துகள் பதிவுக்கு ஓர் இரவு ஆகும். வீட்டுக்கெனப் பறித்த காளானோ அன்று மாலையே உலையில் ஏறிவிடும். எனவே வீட்டு உபயோகத்தைப் பொறுத்தவரை சோதிக்க வேண்டியது கூடையை அன்று, முளைக்கும் இடத்தை. புற்றுக்காளான் ஆண்டுதோறும் அதே மேட்டில், அதே தரையில் முளைப்பதால், ஒரு பருவத்தில் மாதிரி எடுத்து உறுதி செய்த இடங்களை ஊரின் பெயரோடும் மேட்டின் பெயரோடும் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு பறிப்போர் அந்த இடங்களில் முதலில் பறிக்க, புதிய இடத்தில் கண்டவற்றின் மாதிரி சந்தை நாளில் உதவியாளரிடம் வந்து சேரும்.